விளிம்பிலிருந்து நான்கு விரல்

கணினித் திரையில் சிவப்பு தெரிந்ததும் உங்களில் சிலர் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு பொருட்களை ஒட்டியிருக்கிறீர்கள். அந்த ஒட்டு வெளியே வந்து முடிகிற விளிம்பில் ஒரு பொட்டு மட்டும் சிவப்பாக எரிகிறது. கணக்குக்காகப் பிரித்த கட்டத்தைச் சின்னதாக்கினால் அங்கே விசையின் எண் ஏறுகிறது, இன்னும் சின்னதாக்கினால் இன்னும் ஏறுகிறது. "இது கணக்கோட கோளாறு மேடம், நிஜத்துல இப்படி இருக்காது" என்று சொல்லிவிட்டு, அந்தப் பொட்டை ஒதுக்கி மற்ற இடத்து எண்களை அறிக்கையில் எழுதுகிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அப்படி எழுதியவள்தான். எழுதி, ஒரு மனிதரின் படகு பறிபோகக் காரணமாக இருக்கப் பார்த்தவள்.

அது எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தெட்டு வயது. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. விரிசல் எங்கே தொடங்கும், எந்தப் பக்கம் ஓடும் என்று கணினியில் கணக்குப் போடுகிறவர்கள் அந்தக் கட்டடத்திலேயே நானும் இன்னொருவரும்தான். அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். கணினி வேறு கட்டடத்தில் இருந்தது. திரையெல்லாம் கிடையாது. அட்டையில் துளை போட்டு, வரிசையாக அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாள் கழித்து மடிப்பு மடிப்பாகக் காகிதம் வரும். அதில் எண்கள், எண்கள், எண்கள் மட்டுமே. ஓர் அட்டை இடம் மாறிவிட்டால் அந்த இரண்டு நாளும் போச்சு.

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவில் ஆறு மீனவக் குடும்பங்களுக்கு மீன்வளத் துறையும் எங்கள் ஆய்வுக்கூடமும் சேர்ந்து சோதனைக்காக ஆறு படகுகள் கொடுத்திருந்தன. மரப் பலகைப் படகுதான். வெளிப்பக்கம் முழுக்கக் கண்ணாடி இழையும் பசையும் சேர்த்து ஃபைபர் பூச்சு. ஒரு வருடம் ஆவதற்குள் ஒரே ஒரு படகில் பூச்சு உரிந்தது. மற்ற ஐந்தும் புதிதாகவே இருந்தன. ஏன் என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

படகை நான் நேரில் பார்க்கவில்லை. புகைப்படம் பார்த்தேன். ஏரி அலை மோதும் விசையைக் கணினிக்குக் கொடுத்தேன். மரத்தையும் பூச்சையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, இரண்டும் சேரும் இடத்தில் பிரியவே வழியில்லாமல் பிணைத்துவிட்டேன். பிரிய முடியாதபடி கட்டிவிட்டு, பிரிகிறாயா என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? எல்லா எண்களும் சமர்த்தாக இருந்தன. மேல்விளிம்பில், பூச்சு முடியும் இடத்தில் மட்டும் ஓர் எண் தறிகெட்டு நின்றது. பேனாவால் அதை அடித்தேன். பிறகு அறிக்கையின் கடைசி வரியாக இப்படி எழுதினேன்: 'ஏரி அலையை இந்த ஒட்டு தாங்கும். படகைக் கரடுமுரடாகக் கையாண்டதே உரிவுக்குக் காரணமாக இருக்கலாம்.' அந்த வரியை எழுத எனக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்று வாரம் கழித்து என் மேசைக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள். அவர் பெயர் எல்லப்பன், நாற்பது வயதிருக்கும். மனைவி கன்னியம்மா. எல்லப்பன் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்து என் அறிக்கைகளின் மேலேயே வைத்தார். முழ நீளத்துக்கு உரிந்த ஃபைபர் பூச்சு.

"படகை நான் சிப்பி மேல போட்டு இஸ்தேன்னு எழுதுனது நீங்கதானாம்மா?"

"அப்படி எழுதலை. கரடுமுரடா கையாண்டது காரணமா இருக்கலாம்னு..."

"அத்தத்தான் ஆபீசரு தமிழ்ல சொன்னாரு" என்றார் கன்னியம்மா. "இன்னும் பன்னண்டு நாள்ல வந்து விசாரிச்சுட்டு, படகத் திருப்பி எடுத்துக்குவாங்களாம். லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போவுதாம். பதிமூணாம் நாளு எங்களுக்குப் பாடு."

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் வந்து விழும் இடங்கள் கொஞ்சம், வலை கட்டுகிறவர்கள் நிறைய. அதனால் எந்த நாளில் யார் எங்கே வலை கட்டலாம் என்று ஊரே கூடி முறை வைத்திருக்கிறது. ஒரு பாடு முடிந்தால் அடுத்ததுக்குப் பத்துப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். முறை வந்த அன்று அந்த வரிசையில் இருக்கும் எல்லாப் படகுகளும் தண்ணீரில் இருக்கும். இரவல் படகு கிடைக்காது.

"அன்னிக்குப் படகு இல்லன்னா?" என்று கேட்டேன்.

"கரையில நின்னு வேடிக்கை பாக்க வேண்டியதுதான்" என்றார் எல்லப்பன். "ரெண்டு தபா அப்டி நின்னா, படகு இல்லாதவனுக்குப் பாடு எதுக்குன்னு ஊர்ல கேப்பாங்க. கேக்காம இருப்பாங்களா?"

அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சட்டம் பேசியிருப்பேன். அவர் போடவில்லை. பூச்சைத் தொட்டுப் பார்க்கும் சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். அதன் உள்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக மெல்லிய கோடுகள் ஓடின. அழுக்கு என்று நினைத்தேன்.

எங்கள் பிரிவுத் தலைவர் ஒரு சிடுமூஞ்சி. அவர் அறைக்குள் போகும் முன் எல்லோரும் ஒருமுறை எச்சில் விழுங்கிக்கொள்வோம். நடந்ததைச் சொன்னேன்.

"படகைப் பாத்தியா?"

"இல்ல சார். போட்டோ பாத்தேன்."

"போட்டோவ மட்டும் பாத்துட்டுக் கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லுவியா?"

"மாட்டேன் சார்."

"அப்ப போய்ப் பாரு. தப்புன்னு தெரிஞ்சா நீயே அந்த ஆபீசர் முன்னாடி சொல்லு. நான் கூட வரேன். ஆனா வாயத் தொறக்க மாட்டேன்."

அப்போது எனக்கு அவர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு நானும் பலரிடம் அப்படித்தான் நடந்துகொண்டேன், உங்களில் சிலருக்கே தெரியும்.

மறுநாள் பொன்னேரி, திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காட்டுக்குப் பஸ், அங்கிருந்து தீவுக்குப் படகு. கரையில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, நல்ல வெயிலில் ஒருவர் குடம் குடமாக ஏரித் தண்ணீரை மொண்டு தன் படகுக்குள் ஊற்றிக்கொண்டிருந்ததுதான். எங்கள் ஆறு படகுகளில் ஒன்று அது. பூச்சு பளபளவென்று இருந்தது.

"எதுக்குத் தண்ணி ஊத்துறீங்க?"

"காஞ்சா பலகை வாயப் பொளந்துக்கும்" என்றார் அவர். "எங்க நைனா காலத்துலேர்ந்து இப்டித்தான். பாடு இல்லாத நாள்ல படகுக்குள்ள தண்ணி நிக்கணும்."

"ஃபைபர் படகுக்கு வேணாம்னு நோட்டீஸ் கொடுத்திருந்தாங்களே?"

"அத்த யாரு படிச்சாங்க? எல்லப்பன்தான் படிப்பான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நேராக எல்லப்பன் வீட்டுக்குப் போனேன். கதவின் உள்பக்கம், நான்கு மூலையிலும் ஆணி அடித்து, எங்கள் ஆய்வுக்கூடத்தின் நோட்டீஸ் தொங்கியது. ஐந்தாவது வரி: 'கரையேற்றியதும் உள்ளிருக்கும் நீரை முழுவதும் வடித்து, படகை வெயிலில் நன்கு உலர வைக்கவும்.' ஸ்டென்சிலில் கையால் எழுதி உருட்டிய நோட்டீஸ். எழுதிய கை என்னுடையது.

"நோட்டீசுல கீற மாதிரிதாம்மா எல்லாம் பண்ணேன்" என்றார் எல்லப்பன். "தண்ணி வடிச்சு, துணி போட்டுத் தொடைச்சு வெப்பேன். இவகூட என்னைக் கிண்டல் பண்ணுவா, படகுக்கு பவுடர் பூசலியான்னு."

"அதை எழுதினதும் நான்தான்" என்றேன்.

எல்லப்பன் நோட்டீஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கையெழுத்து நல்லா கீது" என்றார். கன்னியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் பேச்சைக் கேட்ட ஒரே ஆள் அவர். கேட்டதற்காகவே படகை இழக்கப் போகிறவரும் அவர்.

படகைச் சுற்றி வந்தேன். பூச்சு உரிந்திருந்தது மேற்குப் பக்கம், அதாவது எப்போதும் நிறுத்தும் இடத்தில் பிற்பகல் வெயில் விழும் பக்கம். அதுவும் மேல்விளிம்பிலிருந்து. சிப்பி மேல் இழுத்திருந்தால் அடிப்பக்கம் அல்லவா உரிந்திருக்க வேண்டும்? அடியில் ஒரு கீறல்கூட இல்லை. கிழக்குப் பக்கம் பார்வைக்கு முழுசாக இருந்தது.

அப்போதுதான், கையோடு கொண்டுபோயிருந்த அந்தப் பொட்டலத்தை மறுபடி பிரித்தேன். உள்பக்க வெள்ளைக் கோடுகளை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு. எண்ணினேன். பத்தொன்பது.

"படகு வந்ததுலேர்ந்து உங்களுக்கு எத்தனை பாடு வந்தது?" என்று கன்னியம்மாவைக் கேட்டேன். அவர் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு வாய்க்குள் எண்ணினார்.

"இருவத்ரெண்டு."

புரிந்துவிட்டது. பாட்டுக்குப் போகும்போது மரம் தண்ணீர் குடித்து உப்புகிறது. திரும்பி வந்ததும் என் நோட்டீஸின்படி காய்ந்து சுருங்குகிறது. பூச்சு உப்பவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது. ஒருமுறை வளைத்தால் கம்பி ஒடியாது, அப்படியும் இப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடியும் அல்லவா? அதுபோல ஒவ்வொரு பாட்டுக்கும் ஒட்டு விளிம்பிலிருந்து கொஞ்சம் பிரிந்திருக்கிறது. பிரிந்த இடத்தில் ஏரித் தண்ணீர் புகுந்து, காய்ந்து, எதுவரை வந்தேன் என்று உப்பால் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது. முதல் மூன்று பாட்டில் ஒட்டு தாக்குப் பிடித்திருக்கும். அதன்பிறகு பாட்டுக்கு ஒரு கோடு. தண்ணீர் ஊற்றி வைத்த படகுகளில் மரம் ஒருமுறை உப்பியதோடு சரி, அப்படியே நின்றுவிட்டது.

புரிந்தது எனக்கு. விசாரணைக்கு வரும் அதிகாரிக்குப் புரிய வேண்டுமே? பத்து நாள் இருந்தது. அட்டையில் துளை போடவும் எடுத்துப் பார்க்கவும் போக, ஒரு கணக்கு ஓடி வர இரண்டு நாள் என்றால், மிஞ்சிப்போனால் நான்கு ஓட்டம்.

முதல் ஓட்டம் வீண். அவசரத்தில் ஓர் அட்டையைத் தலைகீழாகச் செருகியிருந்தேன். காகிதத்தில் பிழைச் செய்தியைப் பார்த்தபோது அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. இரண்டாவது ஓட்டத்தில் அலையை எடுத்துவிட்டு மரத்தின் சுருக்கத்தைக் கொடுத்தேன். நான் பேனாவால் அடித்தேனே, அந்த விளிம்பு எண், மற்ற எல்லாவற்றுக்கும் மேலே போய் நின்றது. கோளாறு அல்ல அது. இங்கேதான் தொடங்கும் என்று கணினி முதல் நாளே கத்தியிருக்கிறது, நான்தான் வாயைப் பொத்தியிருக்கிறேன். மூன்றாவது ஓட்டத்தில், மரமும் பூச்சும் சேரும் புள்ளிகளை இரட்டையாக்கி, நடுவில் அறுந்துபோகக்கூடிய சின்னச் சின்னச் சுருள்வில்களைக் கணக்கில் வைத்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனை வில் அறும் என்று கேட்டேன். காகிதம் வந்ததும் எல்லப்பனின் உரிந்த பூச்சை அதன் மேல் விரித்தேன். உப்புக் கோடுகளின் இடைவெளியும் என் எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. அலுவலகத்தில் இருக்கிறேன் என்பதையும் மறந்து கைதட்டிவிட்டேன்.

நான்காவது ஓட்டம் கிழக்குப் பக்கத்துக்கு. அங்கே காலை வெயில் மட்டும், மரம் காய்வது குறைவு. பார்வைக்கு முழுசாகத் தெரியும் அந்தப் பக்கத்திலும் உள்ளே ஒட்டு பிரிந்திருக்கும் என்றது கணினி. எவ்வளவு ஆழம்? விளிம்பிலிருந்து ஏறக்குறைய நான்கு விரல். விசாரணை நாள் காலையில்தான் அந்தக் காகிதம் கைக்கு வந்தது. பஸ்ஸில் மடியில் விரித்து வைத்துக்கொண்டே போனேன். பக்கத்து இருக்கையில் பிரிவுத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

துறை அதிகாரி கெட்டவர் இல்லை. நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு நியாயமாக ஒன்று கேட்டார்.

"போன அறிக்கையும் உங்க கம்ப்யூட்டர்தாம்மா. கையெழுத்தும் உங்களுதுதான். அதுவும் நம்பிக்கையாத்தான் எழுதியிருந்தீங்க. இப்ப நான் எதை நம்புறது?"

ஊர் முழுக்கக் கரையில் கூடியிருந்தது. பிரிவுத் தலைவரைப் பார்த்தேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை.

"என்னை நம்ப வேண்டாம் சார். இந்தக் கிழக்குப் பக்கம் எல்லார் கண்ணுக்கும் நல்லாத்தான் இருக்கு. இங்க நான் ஒரு கோடு போடுறேன். கோட்டுக்கு மேல கத்தி வெச்சா பூச்சு தானா வந்துடும். கோட்டுக்குக் கீழ கத்தி இறங்காது. இழுத்ததால உரிஞ்சிருந்தா இங்க உரிய வேண்டிய காரணமே இல்ல. கோடு தப்பா இருந்தா என் முதல் அறிக்கையே இருக்கட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. படகு என்னுடையது இல்லை. கோடு தப்பினால் எல்லப்பனுக்கு மிச்சமிருக்கும் நல்ல பக்கமும் போய்விடும். அவரிடம் போனேன்.

"உங்க படகு. நீங்க வேணாம்னா வேணாம்."

"ஒரு தபா தப்பா எழுதிட்டீங்க" என்றார் அவர் மெதுவாக. "இப்பவும் தப்புனா?"

"தப்பலாம். ஆனா இந்தத் தபா உங்க படகைப் பாத்துட்டு எழுதியிருக்கேன்."

அவர் கன்னியம்மாவைப் பார்த்தார். கன்னியம்மா வீட்டுக்குள் போய், வலை அறுக்கும் கத்தியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

அளவுகோல் வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். ஓர் இடத்தில் அளவுகோல் நழுவிக் கோடு நெளிந்துவிட்டது, அதை அழித்து மறுபடி போட்டேன். எல்லப்பன் விளிம்பில் தன் விரல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். சரியாக நான்கு விரல். கத்தியின் நுனியை விளிம்பில் வைத்து அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவதுபோல உள்ளே போனது. பக்கவாட்டில் இழுத்தார், பூச்சு மேலிருந்து வளைந்து வந்தது. ஒரு விரல், இரண்டு விரல், மூன்று. கோட்டைத் தொட்டது. தாண்டியது. தாண்டி ஒரு நக அகலம் போய், நின்றுகொண்டது.

"இன்னும் இழுத்துப் பாரு" என்றார் அதிகாரி. எல்லப்பன் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். வரவில்லை. அதிகாரி தானே கத்தியை வாங்கி, கோட்டுக்குக் கீழே ஓர் இடம், அடிக்கட்டையோரம் ஓர் இடம் என்று குத்திப் பார்த்தார். கத்தி நுனிதான் ஒடிந்தது. பூச்சின் உள்பக்கம் வரி வரியாக உப்பு, அதே பத்தொன்பது கோடுகள், இங்கே நெருக்கி நெருக்கி. கன்னியம்மா ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது ஆடி மாசப் பாடு, இது மழையில போனது" என்று அதிகாரிக்கே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அதிகாரி என் பழைய அறிக்கையைக் கோப்பிலிருந்து உருவினார். குறுக்கே ஒரு கோடு இழுத்து, "படகு எல்லப்பனிடமே இருக்கலாம்" என்று எழுதி, அங்கேயே கையெழுத்துப் போட்டார். கரையில் எழுந்த சத்தத்தில் கொக்குகள் எல்லாம் பறந்துபோயின. எல்லப்பன் என்னைக் கும்பிட வந்தார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் பிழைக்காக அவர் பட்ட பாட்டுக்கு நான்தான் கும்பிட வேண்டும். அவ்வளவு நேரம் சும்மா இருந்த எங்கள் பிரிவுத் தலைவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "இங்க டீ எங்க கிடைக்கும்?" என்று கேட்டார்.

அன்று மாலையே இரண்டு பக்கமும் விளிம்போடு மரச்சட்டம் வைத்து ஆணி அடித்தார்கள். விளிம்பு பிரியாமல் இறுக்கிவிட்டால் அப்போதைக்கு அது போதும். மறுநாள் பாட்டுக்கு எல்லப்பன் போனார். நான் சென்னை திரும்பாமல் பழவேற்காட்டில் தங்கி, படகு கரை சேரும் வரை காத்திருந்தேன். கூடை நிறைய இறால். எல்லப்பன் இறங்கியதும் இறாலைப் பார்க்கவில்லை, விளிம்பைத் தடவிப் பார்த்தார். "அசையல" என்றார். அதன்பிறகு எத்தனையோ பாராட்டுக் கடிதம் வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு சொல் தந்த சந்தோஷத்தை எதுவும் தரவில்லை.

நோட்டீஸில் ஐந்தாவது வரியை எடுத்துவிட்டு, பாடு இல்லாத நாளில் படகுக்குள் தண்ணீர் நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதினோம். அடுத்து வந்த படகுகளில் பூச்சை விளிம்போடு நிறுத்தாமல் உள்பக்கம் மடித்து ஒட்டினோம். நாங்கள் கண்காணித்த காலம் வரை ஒன்றுகூட உரியவில்லை.

இன்னும் ஒன்று மிச்சம். எல்லப்பன் தன் படகுக்குப் புதுப் பூச்சு போட்டபோது, நான் சுண்ணக்கட்டியால் கோடு போட்ட அதே இடத்தில், விளிம்பிலிருந்து நான்கு விரல் கீழே, பச்சைப் பெயிண்டில் ஒரு பட்டை இழுத்தார். அதைப் பார்த்துப் பக்கத்துப் படகுக்காரரும் இழுத்தார். எண்பதுகள் முடிவதற்குள் பசியாவரத்தில் பச்சைப் பட்டை இல்லாத ஃபைபர் படகு இல்லை.

அந்தச் சமயம் நான் பிரிவுத் தலைவராகியிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பொறியாளர் அந்தப் படகுகளைப் பற்றி அறிக்கை கொண்டுவந்தார். பச்சைப் பட்டையைப் பற்றி ஒரு வரி இருந்தது: 'அலங்காரத்துக்காக இருக்கலாம்.'

"நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். போட்டோ பாத்தேன்."

பேனாவை எடுத்தேன். அந்த வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதற்குக் கீழே பழவேற்காட்டுக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுத்தேன்.